'ஓ' என்றால் பேரன்: ஓ'பிரையன் என்ற குடும்பப் பெயரின் கதை

ஜாலியன் வாலாபாக் படுகொலையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு குழப்பம் தவறாமல் வரும். அமிர்தசரஸில் துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்டவர் ரெஜினால்டு டயர் என்ற ராணுவ அதிகாரி. அப்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து அதை ஆதரித்தவர் மைக்கேல் ஓ'டுவையர். 1940இல் லண்டனில் உத்தம் சிங் சுட்டது இரண்டாமவரை. மாணவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள். விடைத்தாளில் முதலாமவரையே உத்தம் சிங் சுட்டுவிடுவார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நான் ஒரு வழியைக் கையாள்கிறேன். 'டயர்' என்பது ஆங்கிலத் தொழிற்பெயர். துணிக்குச் சாயம் தோய்ப்பவர் என்று பொருள். 'ஓ'டுவையர்' ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் அந்த 'ஓ'தான் அடையாளம். இரண்டு மொழிகள், இரண்டு பெயர்கள், இரண்டு மனிதர்கள். இப்படிச் சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை. ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: "அந்த 'ஓ' எதுக்கு சார்?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். பேரன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் அரசர்கள் வருகிறார்கள். சட்டங்கள், பஞ்சம், கப்பல் ஆகியவற்றோடு, நம்மைப் போன்ற ஆசிரியர்களும் பள்ளிப் பதிவேடும்கூட வருகின்றன. அந்த வரலாற்றை 'ஓ'பிரையன்' என்ற ஒரே குடும்பப் பெயரின் வழியாகப் பார்க்கலாம். வினாடி வினா நிகழ்ச்சிகளால் அறிமுகமாகிப் பின்னர் மாநிலங்களவை உறுப்பினரான டெரெக் ஓ'பிரையன் வழியாக நம் நாட்டிலும் பலர் அறிந்த பெயர் இது. அயர்லாந்தின் எண்ணற்ற குடும்பப் பெயர்களில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு. பெரும்பாலான பெயர்களில் அந்த முதல் முன்னோர் யார் என்பது வெறும் பெயரளவில்தான் தெரியும். இந்தப் பெயரின் முன்னோரோ நாள், இடம், போர்க்களம் எல்லாம் தெரிந்த ஒரு மனிதர்.

மகனும் பேரனும்

ஐரிஷ் குடும்பப் பெயர்களில் மிகுதியாகக் காணப்படும் முன்னொட்டுகள் இரண்டு. ஒன்று 'மாக்'. மகன் என்று பொருள். மற்றொன்று 'ஓ'. பேரன் என்றும், விரிந்த பொருளில் வழித்தோன்றல் என்றும் பொருள்.

இவை மிகப் பழைய சொற்கள். அயர்லாந்தில் 'ஓகம்' என்றோர் எழுத்துமுறை இருந்தது. நிமிர்த்தி நட்ட கல்லின் விளிம்பில் கோடுகளாகவும் வெட்டுகளாகவும் பொறிப்பார்கள். ஏறத்தாழ 4 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் இன்னார் மகன் இன்னார், இன்னார் வழிவந்த இன்னார் என்று பெயரைச் சொல்பவையே. நம் நடுகற்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வாய்பாடு அந்நியமாகத் தோன்றாது. அக்கற்களில் மகனைக் குறிக்கும் சொல் 'மக்கி' என்றும், வழித்தோன்றலைக் குறிக்கும் சொல் 'அவி' என்றும் இருக்கின்றன. 'அவி' என்பது காலப்போக்கில் 'ஊஅ' ஆகி, பின்னர் 'ஓ' ஆகத் தேய்ந்தது.

'மாக்' என்றதும் நமக்கு 'மகன்' நினைவுக்கு வரும். மாணவர்களும் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் இது தற்செயலான ஒலி ஒப்புமை மட்டுமே. ஐரிஷின் உறவு மொழியான வெல்ஷில் இதே சொல் 'மாப்' என்று இருக்கிறது. பெயர்களில் அது 'ஆப்' என்று குறுகும். 'ஆப் ரீஸ்', அதாவது ரீஸின் மகன், என்பதுதான் ஒட்டிப்போய் 'பிரைஸ்' என்ற ஆங்கிலக் குடும்பப் பெயராயிற்று. ஒரு சொல்லின் உறவினரைத் தேடும்போது அதன் பழைய வடிவங்களையும் உடன்பிறந்த மொழிகளையும் பார்க்க வேண்டும், காதுக்குக் கேட்பதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் சொல்லில் இல்லாத உறவு வழக்கத்தில் இருக்கிறது. நம் மொழியில் 'பேரன்' என்பது 'பெயரன்' என்பதன் மரூஉ. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். நாம் பெயரைக் கொண்டு பேரனுக்குச் சொல் செய்தோம். ஐரிஷ் மக்கள் பேரன் என்ற சொல்லைக் கொண்டு பெயர் செய்தார்கள்.

பிரையன் என்ற மனிதர்

10ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. தென்மேற்கில், இன்றைய கிளேர் மாவட்டப் பகுதியில், ஷானன் ஆற்றங்கரையில் வாழ்ந்த குலம் டால் காஷ். அக்குலத் தலைவர் கென்னெட்டிக். அவருடைய மகன்களில் ஒருவர்தான் பிரையன். அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'பிரையன் மாக் கென்னெட்டிக்', அதாவது கென்னெட்டிக்கின் மகன் பிரையன் என்பதே அவர் பெயர். நம் வழக்கப்படி எழுதினால் கெ. பிரையன். தந்தை பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும் உடன்வரும் இந்த முறை நம் தலைப்பெழுத்தைப் போன்றதுதான்.

அண்ணன் மாத்காமன் 976இல் கொல்லப்பட்ட பிறகு பிரையன் தலைமை ஏற்றார். மன்ஸ்டர் பகுதி முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்து, 1002இல் அயர்லாந்தின் பேரரசராக ஏற்கப்பட்டார். 1005இல் அவர் அர்மா திருச்சபைக்குச் சென்றபோது, 'அர்மா நூல்' என்ற பழஞ்சுவடியில் 'ஐரிஷ் மக்களின் பேரரசர்' என்ற பொருள்படும் லத்தீன் தொடரால் அவர் குறிக்கப்பட்டார். அச்சுவடி இன்றும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ளது. 'போரு' என்பது அவருக்கு வழங்கிய அடைபெயர். கில்லலூ என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒரு கோட்டையின் பெயரிலிருந்து அது வந்தது என்பர் சிலர். கால்நடைகளைத் திறையாகப் பெற்றவர் என்பதைக் குறிக்கும் என்பர் வேறு சிலர்.

1014 ஏப்ரல் 23, புனித வெள்ளி. டப்ளினுக்கு அருகே குளோன்டார்ஃப் என்ற இடத்தில் பெரும்போர் நடந்தது. பிரையனின் படை வென்றது. ஆனால் முதியவரான பிரையனும் அவர் மகன் மூர்காத்தும் கொல்லப்பட்டார்கள். அயர்லாந்திலிருந்து வைக்கிங்குகளை விரட்டிய போர் என்று இது நெடுங்காலம் பாடநூல்களிலும் மேடைகளிலும் சொல்லப்பட்டுவந்தது. உண்மை அவ்வளவு எளிதன்று. எதிரணியில் டப்ளின் வைக்கிங்குகளோடு லென்ஸ்டர் பகுதி ஐரிஷ் அரசரும் இருந்தார். டப்ளினின் வைக்கிங் அரசர் சிட்ரிக்கோ பிரையனின் சொந்த மருமகன்.

பிரையனின் பெயரோடு ஓர் யாழும் ஒட்டிக்கொண்டது. டிரினிட்டி கல்லூரியில் காட்சிக்கு இருக்கும் 'பிரையன் போரு யாழ்'தான் அயர்லாந்து அரசின் சின்னத்துக்கும் நாணயத்திலுள்ள யாழுக்கும் மாதிரி. ஆனால் அந்த யாழ் பிரையன் இறந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு செய்யப்பட்டது. புகழ்பெற்ற பெயர் தனக்கு உரியதல்லாத பொருள்களையும் தன்பால் இழுத்துக்கொள்ளும் என்பதை இதில் காணலாம்.

உறவுமுறை பெயராக மாறிய கணம்

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும்படி ஐரிஷ் மக்களுக்கு ஆணையிட்டவரே பிரையன் போருதான் என்று ஒரு பழங்கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. அயர்லாந்தில் 10ஆம் நூற்றாண்டிலேயே, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு முன்பே, குடும்பப் பெயர்கள் தோன்றத் தொடங்கிவிட்டன. அரச ஆணையால் தோன்றியவை அல்ல. நிலத்துக்கும் தலைமைக்கும் உரிமை கோரியவர்களின் தேவையால் தோன்றியவை.

பிரையனுக்குப் பின் அவர் மகன்கள் டைக், டொன்னகா இருவருக்கும் இடையே பகை மூண்டது. 1023இல் டைக் கொல்லப்பட்டார். டைக்கின் மகன் டர்லோ வளர்ந்து, 1063இல் சித்தப்பாவை அகற்றிவிட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். அவரை ஆண்டுக்குறிப்பு ஏடுகள் 'ஊஅ பிரீஅன்' என்று குறிக்கின்றன. பிரையனின் பேரன். அவர் உண்மையிலேயே பேரன். தந்தை டைக் பேரரசர் ஆனதில்லை. எனவே 'டைக்கின் மகன்' என்பதைவிடப் 'பிரையனின் பேரன்' என்பதுதான் அரசியலில் எடைமிக்க அடையாளமாக இருந்திருக்கும்.

1086இல் டர்லோ இறந்தார். அடுத்து வந்தவர் அவர் மகன் மூர்கெர்ட்டக். அவரும் 'ஊஅ பிரீஅன்' என்றே அழைக்கப்பட்டார். இங்கே சற்று நிறுத்தி மாணவர்களிடம் கேட்கலாம்: "மூர்கெர்ட்டக் பிரையனுக்கு என்ன உறவு?" கொள்ளுப் பேரன். பேரன் அல்லர். உறவுமுறைக் கணக்கு தவறிவிட்டது. கணக்கு தவறிய அந்த இடத்தில்தான் உறவுச்சொல் குடும்பப் பெயராக மாறியது.

ஒரு பெயரிலிருந்து கிளைகளும் பிரிந்தன. மூர்கெர்ட்டக்கின் மகன் மாத்காமன் வழிவந்தவர்கள் 'மாக் மாத்காமன்' என்று தனிப்பெயர் கொண்டார்கள். கிளேர் பகுதியின் மக்மேன் குடும்பத்தார் இவர்களே. பிரையனின் தந்தை பெயரான கென்னெட்டிக் அவர் குடும்பத்தில் மீண்டும் வைக்கப்பட்டது. அப்பெயர் கொண்ட, பிரையனின் உடன்பிறந்தார் மகன் ஒருவர் வழியாக வந்ததாக மரபு சொல்லும் குடும்பப் பெயர் 'ஓ கென்னெட்டிக்'. இன்றைய வடிவம் கென்னடி. ஐரிஷ் வழிவந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் பெயரை மாணவர்களுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதற்காக ஓ'பிரையன்கள் எல்லாரும் பிரையன் போருவின் குருதி வழியினர் என்று கொள்ளக் கூடாது. தலைவனின் பெயரை அவனை அண்டி வாழ்ந்தவர்களும் எடுத்துக்கொண்டதுண்டு. பிற்காலத்தில் ஓசை ஒத்த வேறு பெயர்களும் இதனோடு கலந்தன. குடும்பப் பெயர் வரலாற்றுச் சான்றுதான். ஆனால் பிறப்புச் சான்றிதழ் அன்று.

சட்டம் பெயருக்குள் நுழைகிறது

1169இல் நார்மானியர்கள் அயர்லாந்துக்குள் நுழைந்தார்கள். அதன்பின் ஆங்கிலேய ஆதிக்கம் மெல்ல வேர்விட்டது. ஆட்சியாளர்களுக்கு ஐரிஷ் பெயர் வெறும் ஓசை அன்று. ஒரு குலத்துக்கும் அதன் நில உரிமைக்கும் சான்று அது. எனவே பெயரில் கைவைத்தார்கள்.

1465ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் கட்டுப்பாட்டில் இருந்த மாவட்டங்களில் வாழும் ஐரிஷ் மக்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. எப்படிப்பட்ட பெயர்? ஓர் ஊரின் பெயர், அல்லது வெள்ளை, கறுப்பு, பழுப்பு என ஒரு நிறம், அல்லது கொல்லர், தச்சர் என ஒரு தொழில், அல்லது சமையற்காரர் போன்ற ஒரு பணி. பட்டியலைச் சட்டமே கொடுத்தது. ஒரு மனிதனின் தாத்தாவை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு நிறத்தை வைத்துக்கொள்ளச் சொன்ன சட்டம் இது.

ஓ'பிரையன்கள் தொலைவில், மேற்கே இருந்ததால் அச்சட்டம் அவர்களைத் தீண்டவில்லை. அவர்களுக்கு வந்தது வேறு வகை. குலத்தலைவரை ஐரிஷ் மக்கள் இயற்பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'ஓ பிரீஅன்' என்றாலே போதும், அது தலைவரை மட்டும் குறிக்கும் பட்டம். எட்டாம் ஹென்றி 1541இல் அயர்லாந்தின் அரசரானார். குலத்தலைவர்கள் தங்கள் நிலத்தை அரசரிடம் ஒப்படைத்து, அவர் அளித்த கொடையாக அதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற திட்டம் வந்தது. 1543இல் மூரோ ஓ'பிரையன் இங்கிலாந்துக்குச் சென்று 'தோமண்ட் கோமகன்', 'இஞ்சிக்வின் பிரபு' என்ற பட்டங்களைப் பெற்றார். விலையாக 'ஓ பிரீஅன்' என்ற தலைமைப் பட்டத்தைத் துறந்தார். குடும்பப் பெயர் நிலைத்தது. அது தந்த இறைமை போயிற்று.

அடுத்த நூற்றாண்டில் அதே பெயர் எதிரெதிர் அணிகளில் நின்றது. 1647இல் காஷெல் என்ற பழம்பெரும் சமயத் தலத்தைத் தாக்கிப் பலரைக் கொன்ற படைத்தலைவர் ஒரு மூரோ ஓ'பிரையன்தான். 'எரியூட்டும் மூரோ' என்ற பெயரில் மக்கள் நினைவில் அவர் நிலைத்துவிட்டார். இன்னொரு கிளையினர் தாயகம் விட்டு பிரான்சுக்குப் போய், அந்நாட்டுப் படையில் சேர்ந்தார்கள். கிளேர் பிரபுவான சார்லஸ் ஓ'பிரையன் பிரான்சின் மார்ஷல் பதவி வரை உயர்ந்தார். பெருமைக்குரியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பெயரின் வரலாற்றை எழுத முடியாது.

'ஓ' உதிர்ந்த காலம்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கர்களுக்கு எதிரான தண்டனைச் சட்டங்கள் வந்தன. நிலம், பதவி, கல்வி எல்லாவற்றிலும் தடை. கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதையே 1695ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அப்போது தோன்றியவைதான் 'வேலியோரப் பள்ளிகள்'. புதர்வேலியின் மறைவிலும் தொழுவத்திலும் குடிசையிலும் ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள்.

இந்தச் சூழலில் ஐரிஷ் பெயர் ஒரு சுமையாயிற்று. 'ஓ', 'மாக்' என்ற முன்னொட்டுகளைக் கண்டதுமே இவர் யார் என்று தெரிந்துவிடும். குத்தகை கிடைக்காது, வேலை கிடைக்காது. ஆணை எதுவும் இல்லாமலே மக்கள் தாமாக முன்னொட்டை உதறினார்கள். ஓ சல்லிவன் சல்லிவன் ஆனார். ஓ கெல்லி கெல்லி ஆனார். ஓ பிரீஅன் 'பிரையன்', 'பிரயன்', 'பிரீன்' என்று எழுதுபவர் காதுக்குக் கேட்டபடியெல்லாம் ஆனார். எழுதுபவர் ஆங்கிலம் மட்டும் தெரிந்த குமாஸ்தா. சொல்பவர் எழுதத் தெரியாத குடியானவர். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு ஒரு பெயர் என்று பதிவாயின.

தப்பிப் பிழைத்த 'ஓ'வுக்கும் ஒரு வடு உண்டு. ஐரிஷில் இந்த எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். 'ஃபாதா' என்பார்கள். நெடில் என்பதற்கான குறி அது. குறிலையும் நெடிலையும் பிரித்தறியும் நமக்கு அதன் அருமை புரியும். ஆங்கிலத்தில் அக்குறி கிடையாது. 'ஓ' என்பது ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் என்று கருதி, சாய்கோட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு மேற்கோள் குறியை ஒட்டினார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தக் கட்டுரையில் நானும் ஆங்கில வழக்கப்படி அக்குறியோடுதான் எழுதிவருகிறேன். ஐரிஷில் எழுதும்போது அது இருக்காது.

பள்ளிக்கூடத்தின் பங்கு

1831இல் அயர்லாந்தில் அரசு ஆதரவுடன் தேசியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவு தந்ததில் அவற்றின் பணி பெரிது. ஆனால் பயிற்றுமொழி ஆங்கிலம். வீட்டில் ஐரிஷ் மட்டுமே கேட்ட குழந்தையும் முதல் நாளே ஆங்கிலத்தில் உட்கார வேண்டியிருந்தது. சில இடங்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐரிஷில் பேசும் ஒவ்வொரு முறைக்கும் அதில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணித் தண்டனை. இதற்குப் பெற்றோர்களும் உடன்பட்டார்கள் என்பதுதான் வேதனை. ஆங்கிலம் தெரிந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள்.

பதிவேட்டிலும் பெயர் ஆங்கிலத்திலேயே ஏறியது. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் வேறொரு பெயர். இதைப் பற்றிய மிகக் கசப்பான நையாண்டியை எழுதியவர், வியப்பாக, ஓ'பிரையன் என்ற பெயரைப் புனைபெயராகக் கொண்ட ஒருவர். பிரையன் ஓ நோலன் என்பது அவர் இயற்பெயர். அரசு ஊழியர் என்பதால் பல புனைபெயர்களில் எழுதினார். அவற்றுள் புகழ்பெற்றது ஃபிளான் ஓ'பிரையன். 1941இல் 'ஏழை வாய்' என்று பொருள்படும் தலைப்பில், வேறொரு புனைபெயரில், ஐரிஷ் மொழியிலேயே ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு சிறுவன் முதல் நாள் பள்ளிக்குப் போகிறான். ஆசிரியர் ஆங்கிலத்தில் பெயர் கேட்கிறார். சிறுவன் தன் ஊர் வழக்கப்படி தந்தை, தாத்தா, பாட்டி என்று பரம்பரை முழுவதையும் அடுக்கிச் சொல்லத் தொடங்குகிறான். முடிப்பதற்குள் மண்டையில் அடி விழுகிறது. உன் பெயர் ஜேம்ஸ் ஓ'டானல் என்கிறார் ஆசிரியர். அடுத்த பையனுக்கும் அதே அடி, அதே பெயர். வகுப்பில் எல்லாருக்குமே அதே பெயர்தான். சிரிக்க வைத்துவிட்டு நெஞ்சில் முள்ளாகத் தைக்கும் பகுதி அது. ஆசிரியராக இருப்பவர்களுக்கு முள் கொஞ்சம் ஆழமாகவே தைக்கும்.

பஞ்சமும் கப்பலும்

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். கிளேர் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று.

அக்காலத்தில் ஓ'பிரையன் குடும்பத்தின் ஒரு கிளை கிளேரிலுள்ள டிரோமோலண்ட் கோட்டையில் செல்வாக்கோடு வாழ்ந்தது. அதில் பிறந்தவர் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன். நிலக்கிழார், புராட்டஸ்டண்டு, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். பஞ்சத்தைக் கண்டு கொதித்து 1848 ஜூலையில் டிப்பரரி மாவட்டத்தில் ஒரு சிறு கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். கிளர்ச்சி சில நாட்களில் அடங்கியது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. இன்றைய டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். 1856இல் முழு மன்னிப்புப் பெற்று நாடு திரும்பினார். அவர் மகள் சார்லட் கிரேஸ் ஓ'பிரையன் 1880களில், ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழைப் பெண்கள் பட்ட துன்பங்களை எழுதி வெளிக்கொணர்ந்தார். அவர்கள் பாதுகாப்பாகத் தங்குவதற்கு க்வீன்ஸ்டவுன் துறைமுகத்தில் ஒரு விடுதியும் நடத்தினார்.

பெயர் கடல் கடந்தது இப்படித்தான். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா என்று ஓ'பிரையன்கள் பரவினார்கள். பிரிட்டிஷ் படையிலும் நிர்வாகத்திலும் சேர்ந்து இந்தியாவுக்கு வந்த ஐரிஷ்காரர்களும் ஏராளம். நம் நாட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் பெயர்கள் வழங்குவது அதனால்தான். தன் நாட்டில் அடிமைப்பட்டவன் இன்னொரு நாட்டில் ஆள்வோரின் கருவியாக வந்த முரண் அது. ஓ'டுவையர் என்ற ஐரிஷ் பெயர் நம் பாடநூலில் கொடுங்கோன்மையின் பெயராக இருப்பதை இந்தப் பின்னணியில் வைத்து மாணவர்களுக்கு விளக்கலாம்.

திரும்பி வந்த 'ஓ'

1892இல் டக்ளஸ் ஹைட் என்ற அறிஞர் டப்ளினில் ஓர் உரை நிகழ்த்தினார். அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து மீட்பது பற்றிய உரை. மக்கள் தங்கள் ஐரிஷ் பெயர்களைக் கைவிடுவதை அதில் அவர் கடுமையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு 'கேலிக் லீக்' என்ற மொழி இயக்கம் தொடங்கியது. 'ஓ'வை உதறிய குடும்பங்கள் அதை மீண்டும் சூடத் தொடங்கின. ஹைட் பின்னாளில், 1938இல், அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார்.

ஆனால் அது எளிதாக நடக்கவில்லை. வண்டியில் உரிமையாளரின் பெயரைப் படிக்கத்தக்க எழுத்தில் எழுத வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. டானிகால் மாவட்டத்தைச் சேர்ந்த நியால் மாக் கில்ல பிரீட என்ற விவசாயி தன் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதினார். அது 'படிக்கத்தக்கது அன்று' என்று அபராதம் விதிக்கப்பட்டது. 1905இல் மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் பாட்ரிக் பியர்ஸ். வழக்கு தோற்றது. ஒரு மனிதன் தன் நாட்டில், தன் மொழியில், தன் வண்டியில் எழுதிய தன் பெயர் செல்லாது என்று ஆயிற்று. பியர்ஸ் வழக்கறிஞர் தொழிலைத் தொடரவில்லை. 1908இல் ஐரிஷுக்கும் இடமளிக்கும் இருமொழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி ஆசிரியரானார். 1916 ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிச் சுட்டுக்கொல்லப்பட்டவர் அவரே.

விடுதலைக்குப் பின் ஐரிஷ் கட்டாயப் பள்ளிப் பாடமானது. இன்று ஒருவர் ஆங்கில வடிவத்திலோ ஐரிஷ் வடிவத்திலோ தன் பெயரை எழுதலாம். ஐரிஷ் வடிவத்தில் ஓர் இலக்கண அழகு உண்டு. மகன் 'ஓ பிரீஅன்' என்றால் மகள் 'ஓ' போட முடியாது. பேரன் ஆண்பால் அல்லவா? வழித்தோன்றலின் மகள் என்ற பொருளில் அவர் 'நீ வ்ரீஅன்'. மணமாகி அக்குடும்பத்துக்கு வந்த பெண் 'ஈ வ்ரீஅன்'. முன்னொட்டு மாறும்போது 'ப' என்ற ஒலி மென்மையாகி 'வ' ஆகிறது. புணர்ச்சி விதிகளைக் கற்பிக்கும் தமிழாசிரியர்களுக்கு இது சுவையாக இருக்கும். ஆங்கில வடிவத்தில் இந்த வேறுபாடுகள் மறைந்து எல்லாரும் ஓ'பிரையன் ஆகிவிடுகிறார்கள். கிளேர் மாவட்டத்தில் பிறந்து, 1960இல் தன் முதல் நாவலுக்காகத் தாய்நாட்டிலேயே தடையைச் சந்தித்த எழுத்தாளர் எட்னா ஓ'பிரையன் உட்பட.

அயர்லாந்துப் பள்ளிகளில் வருகைப் பதிவு எடுக்கும்போது, ஆங்கிலவழி வகுப்பிலும் குழந்தைகள் 'அன்ஷோ' என்றே பதில் சொல்கிறார்கள். 'இங்கே' என்று பொருள். நம் 'உள்ளேன் ஐயா'தான்.

நம் வகுப்பறைக்கு

இந்த வரலாற்றைக் கொண்டு ஒரு பாடவேளையில் செய்யக்கூடியவை சில உண்டு. உயர்நிலை வகுப்புகளில் ஒரு கற்பனைக் குடும்ப மரம் வரைந்து, எந்தத் தலைமுறையில் 'பேரன்' என்ற சொல் பொருந்தாமல் போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். உறவுமுறை பெயராகும் இடத்தை அவர்களே காண்பார்கள். பாடநூலில் வரும் ஆங்கிலேய, ஐரிஷ், ஸ்காட்டிஷ் பெயர்களைத் தொழில், ஊர், தந்தை பெயர் என்று வகைப்படுத்தச் சொல்லலாம். தொடக்க வகுப்புகளில், 'என் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள்' என்று வீட்டில் கேட்டுவந்து சொல்லச் செய்யலாம். பாட்டி தாத்தாவின் பெயரைத் தாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பது தெரியவரும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஐரிஷ் மக்களுக்கு இழந்த முன்னொட்டை மீட்பது விடுதலையாக இருந்தது. நமக்கோ பெயரின் வாலைத் துறப்பது விடுதலையாக இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பின்னொட்டுகளைக் கைவிட அழைத்தது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின் சாதி இல்லை. எனவே பெயர் வரலாறு தேடும் பணி எந்தக் குழந்தையின் சாதியையும் துருவும் பணியாகிவிடக் கூடாது. இயற்பெயரோடும் அது வந்த கதையோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு நாட்டில் ஒட்டிக்கொள்வதும் இன்னொரு நாட்டில் உதறுவதும் ஒரே உரிமையின் இரு வடிவங்கள்தாம். தன் பெயர் என்னவென்று முடிவு செய்யும் உரிமை அதைச் சுமப்பவருக்கே உரியது.

நம் கையில் இருப்பது அந்த உரிமையைக் காக்கும் மிகச் சிறிய, ஆனால் முதல் கருவி. சேர்க்கைப் பதிவேட்டிலும் எமிஸ் தளத்திலும் மாற்றுச் சான்றிதழிலும் ஒரு குழந்தையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறோம். ஒரு நெடில் குறிலாவதும், ழகரம் லகரமாவதும், தலைப்பெழுத்து இடம் மாறுவதும் அங்கேதான் நடக்கின்றன. பின்னாளில் அதைத் திருத்த அந்தப் பிள்ளை எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்பது நாம் அறிந்ததே. சேர்க்கை நாளில் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டுக் கையொப்பம் வாங்கினால் போதும். அதிகம் போனால் இரண்டு நிமிடம் ஆகும்.